கண்காணா இடத்துக் கடமை

தொழிலின் தரத்தைக் கண்ணால் அளப்பதே உலக வழக்கம். சுவர்ப்பூச்சு வழவழப்பாக இருந்தால் கொத்தனார் கைத்திறன் மிக்கவர் எனப் பெயர் பெறுகிறார். கையெழுத்து முத்துமுத்தாக இருந்தால் மாணவன் நன்றாகப் படிப்பவன் என மதிக்கப்படுகிறான். ஆயினும், மக்கள் தம் உயிரையே நம்பி ஒப்படைக்கும் வேலைகளுள் பல, கண் காணாத இடத்தில்தான் நடைபெறுகின்றன. கட்டடத்தின் கடைக்கால் மண்ணுக்குள் கிடக்கிறது. மின்கம்பி சுவருக்குள் ஓடுகிறது. அங்கே வேலை செம்மையாகச் செய்யப்பட்டதா என்பதைச் செய்தவர் ஒருவரே அறிவார். பிறர் அறிய நேரும்போது காலம் கடந்திருக்கும். இத்தகைய இடத்தில் ஒருவர் மற்றவருக்குப் பட்டிருக்கும் கடன் யாது? அக்கடன் எத்துணைக் காலம் உயிரோடிருக்கும்? அறநூலார் நெடுங்காலமாக எழுப்பிவரும் இவ்வினாவைப் பெரிய பெரிய செய்திகளின் துணைகொண்டு ஆராய்வோர் பலர். பழைய மகிழுந்து ஒன்றின் பின்சக்கரத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு ஆராய்ந்தால் விடை இன்னும் தெளிவாகப் புலப்படும்.

மலேசியச் சாலைகளில் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய புரோட்டோன் சாகாவையே எடுத்துக்கொள்ளலாம். 1985ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9ஆம் நாள் அறிமுகமான நாட்டின் முதல் தேசிய மகிழுந்து அது. ஜப்பானிய மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேயின் அமைப்பைத் தழுவி ஷா ஆலம் தொழிற்சாலையில் உருவாயிற்று. அத்தலைமுறை வண்டி, இஸ்வரா முதலிய மாற்றங்களோடு 2008 வரை வெளிவந்துகொண்டிருந்தது. எத்தனையோ குடும்பங்களுக்கு முதல் மகிழுந்து அதுவே. இவ்வண்டியில் இயந்திரத்தின் விசை முன்சக்கரங்களுக்கே செல்கிறது. பின்சக்கரங்கள் வெறுமனே இழுபட்டு வருபவை. அவை வண்டியை ஓட்டுவதுமில்லை, திருப்புவதுமில்லை. அதனாலேயே அவற்றைப் பற்றி உரிமையாளர் எண்ணிப் பார்ப்பதும் இல்லை. ஆனால் பின்னிருக்கையில் அமரும் பிள்ளைகளின் சுமையை ஏற்பதில் அவற்றின் பங்கே பெரிது.

அச்சுக்கும் சக்கரத்துக்கும் இடையே உள்ள சிக்கல் மிகப் பழையது. தமிழர் இதனை நன்கறிந்திருந்தனர். உப்பு வணிகராகிய உமணர், மேடுபள்ளங்களில் அச்சு முறியக்கூடும் என அஞ்சி, வண்டியின் கீழே மாற்றச்சு ஒன்றைக் கட்டிச் சென்ற வழக்கத்தைப் புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் உவமையாக்கினார். வள்ளுவரோ வினைத்திட்பம் என்னும் அதிகாரத்தில் தேரின் அச்சாணியை நினைவூட்டி, உருவம் கண்டு எவரையும் எளிதாக எண்ணலாகாது என்றார். இரண்டு உவமைகளும் பொருள் பொதிந்தவை. கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத உறுப்பே வண்டியைக் காக்கிறது என்பதை அன்றைய வண்டிக்காரனும் அறிவான், புலவரும் அறிவார்.

மரவண்டியில் அச்சும் சக்கரமும் ஒன்றன்மேல் ஒன்று தேய்ந்தே சுழன்றன. தேய்வதை உருள்வதாக மாற்றியது பிற்காலத்து அறிவு. வேல்ஸ் நாட்டுக் கார்மார்தன் நகரைச் சேர்ந்த பிலிப் வான் 1794இல், வண்டி அச்சில் இரும்புக் குண்டுகள் உருளும் அமைப்புக்கு உரிமம் பெற்றார். அமெரிக்காவில் வண்டி கட்டும் தொழில் செய்த ஹென்றி டிம்கன் 1898இல் கூம்புருளைப் பேரிங்குக்கு உரிமம் பெற்றார். பழைய சாகாவின் பின்சக்கரத்தில் இருப்பது இந்தக் கூம்புருளை வகையே. ஒவ்வொரு சக்கரத்திலும் இரண்டு பேரிங்குகள் உண்டு: உட்புறம் பெரியது, வெளிப்புறம் சிறியது. ஒவ்வொன்றும் இரண்டு பகுதிகளால் ஆனது. உருளைகளைக் கூட்டில் தாங்கிய உள்வளையம் ஒன்று. அவ்வுருளைகள் ஓடும் தடமாகிய வெளிவளையம் மற்றொன்று. வெளிவளையம் பிரேக் டிரம்மின் குடத்துக்குள் இறுக்கமாக அடித்துப் பொருத்தப்பட்டிருக்கும். இதனை நினைவில் கொள்ளவேண்டும். அறத்தின் சோதனை பின்னர் இவ்விடத்தில்தான் நிகழப்போகிறது.

பேரிங் ஒரே நாளில் கெடுவதில்லை. ஆயில் சீல் எனப்படும் இரப்பர் உதடு தேய்ந்த பிறகு மழைநீர் சிறுகச் சிறுக உட்புகுகிறது. கிரீஸ் வெளுத்து, நீர்த்து, காக்கும் ஆற்றலை இழக்கிறது. மெருகேறிய எஃகின்மீது ஊசிமுனையளவு துரு விழுகிறது. அத்துருவின்மேல் உருளை ஆயிரமாயிரம் முறை ஏறியிறங்க, எஃகு செதிள் செதிளாக உரியத் தொடங்குகிறது. பிறகுதான் ஒலி பிறக்கிறது. முதலில் அது சாலையின் இரைச்சலோ டயரின் இரைச்சலோ எனத் தோன்றும். வேகம் கூடக் கூட ஒலியும் கூடும். வலப்பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் இடப்பக்கச் சக்கரத்தின்மேல் சாய்வதால், இடப்பக்கப் பேரிங் பழுதாக இருப்பின் முனகல் உரத்துக் கேட்கும். பழுது நேர்ந்த நாளுக்கும் அது செவிக்கு எட்டிய நாளுக்கும் இடையே பல திங்கள் கழிந்திருக்கும். தவற்றுக்கும் அதன் வெளிப்பாட்டுக்கும் இடைப்பட்ட இந்தக் காலத்தில்தான் மனிதரின் நேர்மை உண்மையில் சோதிக்கப்படுகிறது. நெருப்பைத் தொட்டவுடன் சுடுவதால் நெருப்பிடம் எவரும் ஏமாற்று வித்தை காட்டுவதில்லை. ஆறு திங்கள் கழித்தே சுடும் நெருப்பாக இருந்தால் நிலைமை வேறு.

முதற்சோதனை உரிமையாளருக்கு. முனகல் கேட்கிறது. வானொலியின் ஒலியைச் சற்றுக் கூட்டினால் முனகல் மறைகிறது. மறைந்தது ஒலியே அன்றிப் பழுதன்று என்பது அவருக்குத் தெரியாமலில்லை. தெரிந்தும் அடுத்த சம்பளம் வரட்டும் எனத் தள்ளிப்போடுகிறார். இதனை உடனே குற்றம் எனச் சொல்லிவிடுவது எளிது. மாதச் சம்பளத்தில் வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்பும் போக மிஞ்சுவதைக் கொண்டு வண்டியைப் பார்க்கவேண்டிய நிலையில் உள்ளவரிடம் அவ்வளவு கடுமை காட்டுவது முறையன்று. ஆயினும், தாம் மட்டும் செல்லும் வண்டியில் தள்ளிப்போடுவது வேறு. பிறர் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு பள்ளிக்குச் செல்லும் வண்டியில் தள்ளிப்போடுவது வேறு. ஏழ்மை தமக்குரிய இடரை ஏற்க ஒருவருக்கு உரிமை தரலாம். அறியாத மற்றவர்மேல் அவ்விடரைச் சுமத்தும் உரிமையை அது தருவதில்லை.

இனி பட்டறைக்குச் செல்லலாம். மலேசிய வழக்கில் 'போமன்' என அழைக்கப்படும் பழுதுபார்ப்பவர், வண்டியை ஜாக்கால் உயர்த்தித் தாங்குகால்களின்மேல் நிறுத்துகிறார். சக்கரத்தின் மேலும் கீழும் கைவைத்து அசைத்துப் பார்க்கிறார். பின்பு சக்கரத்தைக் கழற்றி, நடுவிலுள்ள தகர மூடியை நெம்பி எடுத்து, நட்டைப் பூட்டியிருக்கும் பிளவு ஊசியை உருவி, நட்டைத் திருகுகிறார். வெளிப்புறப் பேரிங் கையோடு வருகிறது. டிரம்மை இழுத்தெடுத்துப் பின்புறத்து ஆயில் சீலைப் பெயர்த்தால் உட்புறப் பேரிங்கும் வந்துவிடுகிறது. இதுவரை எளிய வேலைதான். புதிய பேரிங் பெட்டியில் உள்வளையமும் வெளிவளையமும் இணையாகவே இருக்கும். ஒரு வளையத்தின் தேய்மானம் மற்றதில் பதிந்திருக்குமாதலால், பழைய தடத்தில் புதிய உருளைகளை ஓடவிடலாகாது என்பது தொழிலின் முதற்பாடம்.

ஆனால் பழைய வெளிவளையம் குடத்துக்குள் பல்லாண்டுகளாக இறுகிக் கிடக்கிறது. அதன் விளிம்பில் இரும்புக்கோலை வைத்து, ஒருபக்கம் ஓரடி, எதிர்ப்பக்கம் ஓரடி என மாறி மாறித் தட்டிப் பொறுமையோடு வெளியேற்றவேண்டும். ஒரே பக்கம் ஓங்கி அடித்தால் வளையம் கோணிக்கொண்டு குடத்தின் உட்சுவரைக் கீறிவிடும். புதிய வளையத்தை உட்செலுத்துவதும் அவ்வாறே. அது முழுமையாக அமர்ந்ததைக் கண்ணைவிடக் காது முன்னதாகச் சொல்லும். அதுவரை மந்தமாக எழுந்த சுத்தியல் ஒலி, வளையம் அடியில் பொருந்திய கணத்தில் கணீரெனத் திண்மையாக மாறும். அவ்வொலி மாற்றத்தைக் கேட்கும் வரை நிறுத்தாதவரே தொழிலறிந்தவர்.

இவ்வளவு பாடுபட மனமில்லாதவர் என்ன செய்வார்? பழைய வெளிவளையத்தை அப்படியே விட்டுவிட்டு, புதிய உள்வளையத்தை மட்டும் கிரீஸ் தடவிச் செருகிவிடுவார். நேரம் மிச்சம். பட்டியலில் 'பேரிங் மாற்றியது' என்று எழுதலாம். அது முழுப்பொய்யும் அன்று. வண்டியை எடுத்துச் செல்லும் நாளில் முனகல் பெரிதும் அடங்கியிருக்கவும் கூடும். உரிமையாளர் நன்றி சொல்லிவிட்டுப் போகிறார். பழைய தடத்தின் செதிள்கள் புதிய உருளைகளைத் தின்னத் தொடங்குவது அதற்குப் பிறகுதான். மீண்டும் முனகல் எழும்போது, இக்காலத்துச் சாமான்களே தரமில்லாதவை என்ற பேச்சு எழும். பழி, எங்கோ உள்ள தொழிற்சாலையின்மேல் விழும். உண்மையை அறிந்தவர் ஒருவர் மட்டுமே. அவரும் அதற்குள் மறந்திருப்பார்.

மறந்துவிட்டால் கடன் தீர்ந்துவிடுமா? ரசீதில் மூன்று திங்கள் உத்தரவாதம் என்று அச்சிட்டிருந்தால் நான்காம் திங்களில் சட்டம் கைவிரித்துவிடலாம். அறம் அவ்வாறு நாட்காட்டியைப் பார்ப்பதில்லை. தவற்றின் விளைவு தாமதமாக வருகிறது என்பதற்காகத் தவறு சிறியதாகிவிடுவதில்லை. உண்மையில் அதன் தீமை பெரிதாகிறது எனலாம். உடனே வெளிப்படும் தவற்றை இழைத்தவரே திருத்த வாய்ப்புண்டு. தாமதமாக வெளிப்படும் தவறு, தொடர்பே இல்லாத ஒருவரின் தலையில், நெடுஞ்சாலையின் நடுவில், நள்ளிரவில் வந்து விழக்கூடும்.

இவ்வேலையில் மற்றொரு நுட்பமும் உண்டு. எல்லாம் பொருத்தியபின் நட்டை எவ்வளவு இறுக்குவது? டிரம்மைக் கையால் சுழற்றிக்கொண்டே முதலில் இறுக்கி உருளைகளைத் தடத்தில் அமரச் செய்யவேண்டும், பின்பு தளர்த்தவேண்டும், மறுபடியும் இலேசாக, குறித்த அளவுக்கு மட்டும் இறுக்கவேண்டும். அளவு வண்டிக்கு வண்டி மாறும். பட்டறைக் கையேட்டில் அது அச்சிடப்பட்டிருக்கும். மிகுதியாக இறுக்கினால் உருளைகள் சூடேறி, கிரீஸ் உருகியோடி, பேரிங் கருகும். மிகுதியாகத் தளர்த்தினால் சக்கரம் ஆடும். பாதுகாப்பு வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு முழு பலத்தையும் காட்டி இறுக்கிவிடும் இளைஞனே இவ்வகையில் அதிகக் கேடு செய்கிறான். வேறு எல்லா நட்டுகளையும் பலங்கொண்ட மட்டும் இறுக்கப் பழகிய கை, இந்த நட்டிடம் மட்டும் அடங்கி நடக்கவேண்டியுள்ளது. அடங்கவேண்டிய இடத்தை அறிவது ஏட்டுப்படிப்பால் மட்டும் வருவதன்று. அருகிலிருந்து செய்துகாட்டும் ஆசான் ஒருவர் வேண்டும்.

இப்போது வரும் வண்டிகள் பலவற்றில் இவ்வளவு தொல்லை இல்லை. பேரிங்கும் குடமும் ஒரே உறுப்பாக மூடி முத்திரையிடப்பட்டு வருகின்றன. கழற்றி, புதியதைப் பூட்டி, குறித்த விசையில் நட்டை முறுக்கினால் போதும். கைப்பக்குவத்துக்கு அங்கே வேலை குறைவு. நேர்மையின் தேவையையே தொழில்நுட்பம் குறைத்துவிட்டது என்று இதனைப் போற்றுவோரும் உளர். ஓரளவு உண்மைதான். ஆனால் பெயர்பெற்ற நிறுவனத்தின் பெட்டியைப் போலவே அச்சிட்ட பெட்டிக்குள் போலிப் பேரிங்கை வைத்து விற்பவனையும் அதே காலம் உருவாக்கியிருக்கிறது. மறைவிடம் மறைந்துவிடவில்லை, சக்கரத்துக்குள்ளிருந்து பெட்டிக்குள் இடம் மாறியிருக்கிறது.

பேரிங்கைவிட அடக்கமானது புஷ். பின்சக்கரத்தைத் தாங்கும் கரங்கள் வண்டியின் உடலோடு இணையும் மூட்டுகளில் அது அமர்ந்திருக்கிறது. உள்ளே ஓர் இரும்புக்குழல், வெளியே ஓர் இரும்புக்குழல், இடையே இரண்டையும் பற்றிக்கொண்டிருக்கும் இரப்பர். இதற்கு எண்ணெயும் வேண்டா, கிரீஸும் வேண்டா. சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழும்போதெல்லாம் தான் முறுகி, மீண்டும் தன்னிலைக்கு வருவதே அதன் தொழில். இரும்பின் அடியை இரும்பு வாங்காமல் இடைநின்று வாங்கிக்கொள்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல இரப்பர் இறுகி, வெடித்து, குழலைவிட்டுப் பிரிகிறது. அப்போது பின்புறத்தில் 'டொக் டொக்' என்ற ஓசை எழுகிறது. வேகத்தில் வண்டியின் பின்பகுதி தன் விருப்பம்போல் சற்றே நகர்வதாகத் தோன்றுகிறது. டயர் ஒருபுறமாகத் தேய்கிறது.

அந்த இரப்பரைப் பற்றி மலேசியத் தமிழர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1877இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வந்து சேர்ந்த 22 கன்றுகளில் தொடங்கிய வரலாறு, தமிழர் தோளேறி வளர்ந்தது. விடியுமுன் விளக்கு கட்டிக்கொண்டு நிரைக்குச் சென்று, பால்மரத்தின் பட்டையைச் சீவி, மங்கில் சேர்ந்த பாலைக் காண்டா வாளியில் சுமந்து வந்த தலைமுறைகளின் உழைப்பு அது. செயற்கை இரப்பர் எத்தனையோ வகையாகப் பெருகியபின்னும், ஓயாமல் முறுகி நிமிரும் இத்தகைய இடங்களில் இயற்கை இரப்பருக்குத் தனிமதிப்பு உண்டு. வெடிப்பு பரவாமல் தாக்குப்பிடிக்கும் பண்பு அதற்கு மிகுதி. 2014இல் திறக்கப்பட்ட பினாங்கின் இரண்டாம் பாலமும் நில அதிர்ச்சியைத் தாங்க இயற்கை இரப்பர் தாங்கிகளின்மேல் அமர்த்தப்பட்டது.

பால்மரத் தொழிலுக்கும் பட்டறைத் தொழிலுக்கும் ஓர் ஒப்புமை உண்டு. அது பொருளால் மட்டும் அமைந்ததன்று. பட்டையைச் சீவும் உளி, மரத்தின் உயிர்ப்படலத்தை எட்டாமல் நிற்கவேண்டும். ஒரு மயிரிழை ஆழமாகச் சென்றால் மரம் காயமுறும். காயம்பட்ட அன்று பால் குறைவதில்லை. எடையில் ஒன்றும் தெரியாது. சீவிய இடத்தில் பட்டை மீண்டும் வளர்ந்து, சில ஆண்டுகள் கழித்து அதே பக்கத்துக்கு உளி திரும்பும்போதுதான், பட்டை முண்டும் முடிச்சுமாக வளர்ந்திருப்பது தெரியவரும். அப்போது அந்த நிரையில் வேறொருவர் நிற்பார். கங்காணியின் கண்ணுக்கு அஞ்சி ஆழம் பார்த்துச் சீவியவரும் இருந்தனர். கங்காணி இல்லாதபோதும் அதே ஆழத்தில் சீவியவரும் இருந்தனர். இருவரின் பாலும் ஒரே எடைதான். மரம் மட்டுமே வேறுபாட்டை அறிந்திருந்தது.

புஷ் மாற்றுவதில் அறியாமையால் நேரும் தவறு ஒன்றுண்டு. பழையதை அழுத்தி வெளியேற்றிப் புதியதை அமர்த்திய பிறகு, அதன் ஊடே செல்லும் போல்ட்டை வண்டி உயரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே முறுக்கிவிடுவது பலரது வழக்கம். அந்நிலையில் சக்கரம் கீழே தொங்குகிறது. பின்பு வண்டி தரையில் இறங்கியதும் கரம் மேலெழ, இரப்பர் முறுகிக்கொள்கிறது. அதாவது, வண்டி நிற்கும்போதும் அந்தப் புஷ் ஓய்வறியாமல் முறுக்குண்டே கிடக்கிறது. சில திங்களில் கிழிந்துபோகிறது. சரியான முறை, போல்ட்டைத் தளர்வாகச் செருகி, வண்டியின் பாரம் சக்கரத்தின்மேல் அமர்ந்த நிலையில் இறுதி முறுக்கைத் தருவதே. இதற்கு வண்டியை இறக்கவேண்டும். அதன் அடியில் மீண்டும் குனிந்து போகவேண்டும். கூடுதலாக அரைமணி நேரம் ஆகலாம்.

இம்முறையை அறியாதவர் முழுமனத்தோடு, வியர்வை சிந்தி, சற்றும் வஞ்சனையின்றி வேலையை முடித்திருக்கலாம். எனினும் புஷ் கிழியத்தான் போகிறது. அவரை வஞ்சகர் என்று எவரும் கூறார். ஆயின் அவர்மேல் பழியே இல்லை என்று விட்டுவிடவும் இயலாது. கூலி வாங்கிக்கொண்டு ஒரு வேலையை ஏற்கும்போதே, அவ்வேலையை அறிந்தவன் என்ற உறுதிமொழியையும் ஒருவர் சொல்லாமல் சொல்லிவிடுகிறார். வழிப்போக்கர் ஒருவர் உதவியாகச் செய்தால் அவரது நல்லெண்ணம் போதும். தொழிலாகச் செய்பவருக்கு நல்லெண்ணம் தொடக்கமே. கற்றலும் அவரது கடமைக்குள் அடங்கும். கையேட்டைப் புரட்டிப் பாராதது சோம்பல். அச்சோம்பலின் விலையைக் கொடுப்பவரோ வேறொருவர். தமிழாசிரியர்க்கு இது புதுச்செய்தியன்று. முதலாம் ஆண்டில் லகர ளகர ழகர வேறுபாட்டைப் பிழையாகப் பெற்ற பிள்ளை, ஐந்தாம் படிவத்தில் மேடையேறும்போது தடுமாறுகிறது. கற்பித்தவர் அதற்குள் வேறு பள்ளிக்கு மாறியிருப்பார்.

இவ்வாறு உறுப்புறுப்பாக மாற்றப்பட்டுவரும் வண்டி, பழைய வண்டிதானா என்று வினவுவது மெய்யியலாருக்கு உவப்பானது. கிரேக்கரின் தீசியஸ் கப்பலைப் பற்றி புளூட்டார்க் எழுதினார்; பாலிமொழியில் அமைந்த மிலிந்த பன்ஹாவில் நாகசேனர், அச்சுதான் தேரா, சக்கரம்தான் தேரா என்று மன்னனை மடக்கினார். அறிவுக்கு விருந்தாகும் வினாக்கள் இவை. ஆனால் முனகும் சக்கரத்தோடு சாலையில் செல்லும் குடும்பத்துக்கு அவற்றால் பயனொன்றும் விளையாது. இது அதே வண்டிதானா என்பதைவிட, மாற்றியதாகச் சொல்லப்பட்ட உறுப்பு மாற்றப்பட்டதுதானா என்பதே அவர்களுக்கு வேண்டிய விடை.

குறைத்துச் செய்வது மட்டும் குற்றமன்று. மிகுத்துச் செய்வதிலும் குற்றம் ஒளிந்திருக்கக்கூடும். இடப்பக்கப் பேரிங் முனகுகிறது. வலப்பக்கம் ஓசையின்றி ஓடுகிறது. இரண்டையும் மாற்றிவிடலாம் என்று பழுதுபார்ப்பவர் சொன்னால் அது முன்யோசனையா, வரும்படி ஆசையா? புஷ்களைப் பொறுத்தவரை இருபுறமும் ஒருசேர மாற்றுவதில் நியாயமுண்டு. ஒருபுறம் விறைத்தும் மறுபுறம் நெகிழ்ந்தும் இருந்தால் வண்டி சீராகச் செல்லாது. பேரிங் அப்படியன்று; நல்லது நல்லதாகவே ஓடும். கழற்றிக் கழுவி, தடத்தை வெளிச்சத்தில் பார்த்து, புதுக் கிரீஸ் ஏற்றி, புதுச் சீல் போட்டால் இன்னும் பல்லாயிரம் கிலோமீட்டர் வரக்கூடும். எது தேவை என்பதை அறிந்தவர் ஒருபுறமும், அறியாதவர் மறுபுறமும் நிற்கும்போது, அறிந்தவரின் சொல் ஓர் அதிகாரமாகிவிடுகிறது. மருத்துவரிடமும் வழக்கறிஞரிடமும் மட்டுமே இவ்வதிகாரம் இருப்பதாக எண்ணுவது தவறு. கைமுழுதும் கிரீஸ் படிந்தவரிடமும் அது இருக்கிறது. பழைய வண்டிகளை உடைத்து விற்கும் கடையிலிருந்து வாங்கிய பேரிங்கைப் போடுவதும்கூடத் தன்னளவில் இழிவன்று. 'பழையதுதான், விலை குறைவு, எத்தனை நாள் வரும் எனச் சொல்ல முடியாது' என்று முன்கூட்டியே கூறிவிட்டால், தேர்வு உரிமையாளருடையதாகிறது. கூறாமல் போட்டால் அதே பேரிங் திருட்டாகிறது. இரும்பில் மாற்றமில்லை, சொல்லில்தான் மாற்றம்.

முனகும் வண்டியைச் சத்தமின்றி விற்றுவிடுபவரைப் பற்றியும் சொல்லவேண்டும். 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கைச் சூழ்ந்த பெருவெள்ளத்தைப் போன்றதொன்றில் சக்கரம் மூழ்க நின்ற வண்டியை எண்ணிப் பார்க்கலாம். இருக்கைகளைக் காயவைத்து, உள்ளே நறுமணம் தெளித்து, வெளியே மெழுகு பூசிவிட்டால் பார்வைக்குக் குறையேதும் இராது. சக்கரக் குடத்துக்குள் புகுந்த சேற்றுநீர் மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். வாங்குபவர் கேட்கவில்லை, ஆகவே சொல்லவில்லை என்பது விற்றவரின் வாதம். கேட்கத் தெரியாதவரிடம் கேட்கவில்லையே என்று சொல்வது வாதமாகாது. பார்த்து வாங்குவது வாங்குபவர் பொறுப்பு என்ற சந்தை வழக்கம், பார்த்தால் தெரியும் பண்டங்களுக்கே பொருந்தும். கத்தரிக்காயில் புழு இருக்கிறதா எனத் திருப்பிப் பார்க்கலாம். டிரம்மைக் கழற்றிப் பார்த்து வண்டி வாங்குபவர் எவருமில்லர்.

இவ்வளவும் கூறியபின், பழுதுபார்ப்பவரையும் விற்பவரையும் மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு உரிமையாளர் வெளியே நின்றுகொள்வது நியாயமாகாது. பட்டறையில் கூலி எவ்வாறு பேசப்படுகிறது என்பதைக் கவனித்தால் இது விளங்கும். பேரிங்கின் விலை கடையில் வரையறுக்கப்பட்டது. அதில் பேரம் செல்லாது. சீலின் விலையும் அவ்வாறே. பட்டியலின் அடியில் 'கூலி' என்ற ஒரே சொல்லும் அதன் எதிரே ஒரே தொகையும் இருக்கும். உரிமையாளரின் விரல் வந்து நிற்பது அங்கேதான். ஒரு சக்கரத்தைக் கழற்றிப் பூட்டுவதற்கா இவ்வளவு என்கிறார். அண்ணன் தம்பியாகப் பழகியாயிற்று, குறைத்துக்கொள்ளலாமே என்கிறார். பழுதுபார்ப்பவரும் பத்து இருபது வெள்ளி குறைக்கிறார். அவர் சாமானைக் குறைக்க முடியாது. சாமான் கண்ணுக்குத் தெரியும். அடுத்த முறை குறையப்போவது நேரம்தான். டிரம்மைக் கழற்றுவதில் நேரத்தைக் குறைக்க வழியில்லை. எஞ்சியிருப்பவை மூன்றே: வெளிவளையத்தைப் பொறுமையோடு தட்டியெடுக்கும் நேரம், டிரம்மைச் சுழற்றிச் சுழற்றி நட்டின் இறுக்கத்தைக் கணிக்கும் நேரம், போல்ட்டை முறுக்குமுன் வண்டியைத் தரையில் இறக்கும் நேரம்.

மாற்றிய பழைய உறுப்புகளைச் செய்தித்தாளில் சுற்றி வண்டியின் பின்பெட்டியில் வைத்துத் தரும் நல்வழக்கம் சில பட்டறைகளில் உண்டு. உரிமையாளர் வீட்டுக்குப் போய் அதனைப் பிரித்துப் பார்க்கலாம். நான்கு உள்வளையங்களோடு நான்கு வெளிவளையங்களும் இருக்கின்றனவா என்று எண்ணலாம். செதிள் உரிந்த தடத்தை விரலால் தடவிப் பார்க்கலாம். வெடித்த புஷ்ஷைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். போல்ட் முறுக்கப்பட்டபோது வண்டி தொங்கிக்கொண்டிருந்ததா, தரையில் நின்றதா என்பது அந்தப் பொட்டலத்தில் இராது. அதற்கென்று கொடுத்த கூலியையும், அதனைக் குறைக்கச் சொல்லிக் கேட்ட சொல்லையும் அவர் மட்டுமே அறிவார்.